வெயிலும் மீனெண்ணெயும்

ஐரோப்பாக் கண்டத்திலே ஒரு நோய்க்கு நெடுங்காலமாக ஒரு நாட்டின் பெயரே வழங்கிவந்தது. ஜேர்மன் மொழி பேசுவோர் அதனை 'ஆங்கில நோய்' என்றனர். ஆங்கிலேயர் அதனை 'றிக்கெற்ஸ்' என்றனர். தவழ்ந்து எழுந்து நடக்கவேண்டிய பருவத்திலே, உடலின் பாரத்தைத் தாங்கமாட்டாமல் குழந்தையின் கால்கள் வில்லைப்போல வளைந்துவிடும். மணிக்கட்டும் கணுக்காலும் தடிக்கும். விலா எலும்புகளின் முனைகள் மணி கோத்தாற்போல முடிச்சு முடிச்சாகப் புடைக்கும். பல் முளைப்பதற்குத் தாமதமாகும். எலும்பு வளர்கின்றது, ஆயின் அதற்கு உரமளிக்கும் கல்சியமும் பொசுபரசும் போதிய அளவு அதிலே படிவதில்லை. எலும்பின் வடிவத்தைப் பெற்றும் எலும்பின் வலிமையைப் பெறாத நிலை அது.

இந்நோயை முதன்முதலாகச் செவ்வையாக விவரித்தவர்கள் 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இரு ஆங்கிலேயர். டானியல் விசிலர் என்னும் இளைஞர் 1645இல் ஒல்லாந்து தேசத்து லைடன் பல்கலைக்கழகத்துக்கு அளித்த ஆய்வுரையில் இதனைப்பற்றி எழுதினார். 5 ஆண்டுகள் கழித்து, 1650இல், பிரான்சிஸ் கிளிசன் என்னும் வைத்தியப் பேராசிரியர் இலத்தீன் மொழியிலே ஒரு விரிவான நூலை வெளியிட்டார். நோயின் குறிகளை இருவரும் கூர்ந்து நோக்கியிருந்தனர். நோயின் காரணமோ அவர்களுக்குப் பிடிபடவில்லை. அடுத்த 270 ஆண்டுகள் அதனைத் தேடுவதிலே கழிந்தன. காரணம் கிடைத்த பின்னரும் கதை முடிந்துவிடவில்லை என்பதே இவ்வரலாற்றின் சிறப்பான பாடமாகும்.

19ஆம் நூற்றாண்டிலே இயந்திரத் தொழில் பெருகியதோடு இந்நோயும் பெருகியது. நிலக்கரிப் புகை நகரங்களின்மேல் போர்வைபோலப் படிந்தது. உயர்ந்த கட்டிடங்களுக்கு இடையே ஒடுங்கிய சந்துகளில், ஓர் அறையிலே ஒரு குடும்பமாகத் தொழிலாளர் வாழ்ந்தனர். ஸ்கொத்லாந்து தேசத்துக் கிளாஸ்கோ நகரம் இந்நோய்க்குப் பெயர்பெற்ற நகரமாயிற்று. வளைந்த கால் கண்ணுக்குத் தெரிந்தது. கண்ணுக்குத் தெரியாத கொடுமை ஒன்றும் இருந்தது. குழந்தைப் பருவத்திலே இடுப்பெலும்பு கோணிப்போன பெண், வளர்ந்து தாயாகும்போது பிள்ளை பிறக்க வழியின்றி உயிரிழக்க நேர்ந்தது. 1888ஆம் ஆண்டிலே கிளாஸ்கோ மகப்பேற்று வைத்தியசாலையில் மேர்டொக் கமரன் என்னும் வைத்தியர், இவ்வாறு இடுப்பெலும்பு குறுகிய ஒரு பெண்ணுக்கு வயிற்றைக் கீறிப் பிள்ளையை எடுத்து, தாய் சேய் இருவரையும் பிழைக்கவைத்தார். வைத்திய வரலாற்றில் அது ஒரு சாதனையாகப் போற்றப்படுகின்றது. அச்சாதனைக்கு அவசியத்தை உண்டாக்கியது அந்நகரத்துப் புகையும் வறுமையுமே என்பதையும் உடன் நினைத்தல் வேண்டும்.

நோயைப் போக்கும் வழிகள் இரண்டு அக்காலத்திலேயே தென்பட்டிருந்தன. ஒன்று, வடகடலோரத்து மீனவர் அறிந்திருந்த மீன் ஈரல் எண்ணெய். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மன்செஸ்ரர் வைத்தியசாலையில் அதனை மூட்டுவாதத்துக்குக் கொடுத்தனர். பிரான்சு தேசத்து வைத்தியர் அர்மான் துரூசோ, 1860களில் றிக்கெற்ஸ் நோய்க்கும் அதுவே நன்மருந்தென்று எடுத்துரைத்தார். மற்றொன்று, வெயில். 1822ஆம் ஆண்டிலேயே வில்னா நகரத்துப் பேராசிரியரான போலந்து வைத்தியர் யெஞ்செய் சினியதெத்ஸ்கி, நகரத்துக் குழந்தைகளை இந்நோய் மிகுதியாகப் பற்றுவதையும் நாட்டுப்புறத்துக் குழந்தைகளை அவ்வாறு பற்றாததையும் நோக்கி, குழந்தையை வெளியே கொண்டுசென்று வெயில்படச் செய்தலே சிறந்த சிகிச்சை என்று எழுதினார். மருந்தும் அறியப்பட்டிருந்தது, வெயிலும் அறியப்பட்டிருந்தது. ஆயின் எண்ணெய்க்கும் வெயிலுக்கும் என்ன உறவு என்பதை ஒருவராலும் சொல்ல முடியவில்லை. விளங்காத உண்மையை விட்டுவிடுவது கற்றோரின் வழக்கமாயிற்று.

1889இல் பிரித்தானிய வைத்தியர் சங்கம் நாடெங்கும் விசாரித்து, நோய் பரவிய இடங்களை வரைபடமாக வெளியிட்டது. தொழில் நகரங்கள் உள்ள இடங்களிலெல்லாம் நோயின் குறி நெருங்கியிருந்தது, நாட்டுப்புறங்களில் அருகியிருந்தது. இந்த வரைபடத்தின் பொருளை உணர்ந்தவர் தியோபால்ட் பாம் என்னும் வைத்தியர். அவர் யப்பான் தேசத்து நீகாத்தா நகரிலே சமயத் தொண்டராகவும் வைத்தியராகவும் பல ஆண்டுகள் பணிபுரிந்தவர். அங்கே அவர் கண்டிராத நோய், தாயகம் திரும்பியதும் தெருவெங்கும் தென்பட்டது. கீழைத்தேசங்களிலே பணிபுரிந்த பிற வைத்தியரிடமும் செய்தி திரட்டி, 1890இல் அவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். கீழைத்தேசத்து ஏழைகள் இங்கிலாந்தின் ஏழைகளைவிட நன்றாக உண்பவர் அல்லர். சுகாதாரத்திலும் மேம்பட்டவர் அல்லர். எனினும் அவர்களின் குழந்தைகளை இந்நோய் தீண்டவில்லை. வேற்றுமை சூரிய ஒளி ஒன்றே என்று பாம் வாதித்தார். அவர் கூற்றைச் செவிமடுத்தவர் மிகச் சிலரே.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே ஆராய்ச்சியாளர் இரு கட்சியாகப் பிரிந்தனர். கிளாஸ்கோவில் லெனாட் பின்ட்லே என்பவர், அடைத்துவைத்து வளர்க்கப்பட்ட நாய்க்குட்டிகளுக்கு எலும்பு வளைந்ததையும், ஓடியாட விட்டவற்றுக்கு வளையாததையும் 1908இல் காட்டினார். ஆகவே அடைபட்டு வாழும் வாழ்வே நோய்க்குக் காரணம் என்று கிளாஸ்கோ வாதிட்டது. இலண்டனில் எட்வேட் மெலன்பி என்பவரும் நாய்க்குட்டிகளையே வளர்த்தார். ஓற்ஸ் முதலிய தானியங்களை மிகுதியாக உண்ட குட்டிகளுக்கு நோய் கண்டது. மீனெண்ணெய் கொடுத்ததும் அது நீங்கிற்று. ஆகவே உணவுக் குறையே காரணம் என்று 1919இல் இலண்டன் வாதிட்டது. மெலன்பி தம் நாய்களை வீட்டுக்குள்ளேயே வைத்து வளர்த்தார் என்பதும், அவற்றின்மேல் வெயில் பட்டிருந்தால் அவர் கண்ட முடிவு கிடைத்திராது என்பதும் பின்னரே புலனாயின. அவரவர் தேடிய காரணம் அவரவர் கையிலே கிடைத்தது; தேடாத காரணம் கண்முன்னே இருந்தும் தெரியவில்லை.

அதே 1919ஆம் ஆண்டிலே, போரினால் பஞ்சமுற்ற பேர்லின் நகரில், குர்ட் ஹுல்ட்சின்ஸ்கி என்னும் குழந்தை வைத்தியர் நோயுற்ற 4 குழந்தைகளின்மேல் பாதரச விளக்கின் புற ஊதாக் கதிர்களைப் பாய்ச்சினார். சில மாதங்களில் எலும்புகள் தேறின. ஒரு கையிலே மாத்திரம் கதிர் பட்டபோது மற்றக் கையின் எலும்பும் தேறியது. தோலிலே விளைந்த ஏதோ ஒரு பொருள் இரத்தத்தோடு கலந்து உடலெங்கும் செல்கின்றது என்பதற்கு அதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

வழக்கைத் தீர்த்துவைத்தவர் ஹரியட் சிக் என்னும் ஆங்கிலப் பெண்மணி. 1919ஆம் ஆண்டு முதல் 1922ஆம் ஆண்டு வரை அவரும் அவருடைய தோழியரும் வியன்னா நகரத்துக் குழந்தைகள் வைத்தியசாலையில் ஆராய்ச்சி நடத்தினர். அதன் தலைவரான பேராசிரியர் பிர்க்கே, நோய்க்குக் கிருமியே காரணமாகலாம் என்று எண்ணியவர். எனினும் ஆராய்ச்சிக்கு இடங்கொடுத்தார். மாரிக்காலத்தில் சாதாரண உணவு பெற்ற குழந்தைகளுள் பலருக்கு நோய் கண்டது. மீனெண்ணெய் பெற்ற குழந்தைகளுக்குக் காணவில்லை. கோடைகாலத்தில் வெயிலில் கிடந்த குழந்தைகளுக்கு, எண்ணெய் பெற்றாலும் பெறாவிட்டாலும், நோய் காணவில்லை. கிளாஸ்கோவும் இலண்டனும் ஒருங்கே வெற்றி பெற்றன. உணவும் காரணம், ஒளியும் காரணம், ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுசெய்தது.

1922இல் அமெரிக்கப் பேராசிரியர் மக்கொலம், மீனெண்ணெயைச் சூடாக்கிக் காற்றூட்டி அதிலுள்ள விற்றமின் ஏயை அழித்த பின்னரும் அது எலும்பு நோயைத் தீர்ப்பதைக் கண்டு, அப்புதிய பொருளை 'விற்றமின் டி' என்று வகுத்தார். 1924இல் விஸ்கொன்சின் மாநிலத்து ஸ்டீன்பொக்கும், நியூயோர்க்கைச் சேர்ந்த வைத்தியர் ஹெஸ்ஸும், உணவின்மேல் புற ஊதாக் கதிர் பட்டால் அவ்வுணவே மருந்தாகின்றது என்பதைத் தனித்தனியே நிறுவினர். ஜேர்மனியின் அடோல்ப் வின்டவுஸ் இதனோடு தொடர்புடைய இரசாயனப் பொருள்களை ஆராய்ந்து 1928இல் நோபல் பரிசு பெற்றார்.

ஈண்டு ஓர் உண்மையைக் கருதல் வேண்டும். பிற விற்றமின்களைப் போலன்றி, இதனை வெயில் பட்ட மனிதத் தோலே ஆக்கிக்கொள்கின்றது. அவ்வாறு ஆக்கப்பட்டதும், உண்ணப்பட்டதும் முதலில் ஈரலிலும் பின்னர் சிறுநீரகத்திலும் மாற்றமடைந்த பின்னரே தொழிற்படுகின்றன. இம்மாற்றங்கள் 1960களின் இறுதியிலும் 1970களின் தொடக்கத்திலுமே விளங்கின. நீரிற் கரையும் விற்றமின் மிகுந்தால் பெரும்பாலும் சிறுநீரோடு கழிந்துவிடும். இதுவோ கொழுப்பிற் கரைவது, உடலிலே தங்குவது. தோலிலே மிகுதியாக விளைந்தால் வெயிலே அதனை வேறு பொருளாக மாற்றிவிடும்; ஆதலால் வெயிலிலே நின்று ஒருவர் இதனால் நஞ்சேறுவதில்லை. வாயால் உண்பதற்கு அத்தகைய காவல் இல்லை. மிகையாக உண்டால் குடல் கல்சியத்தை அளவின்றி ஈர்க்கும்; எலும்பிலிருந்தும் கல்சியம் இரத்தத்திற் கலக்கும்; இறுதியில் சிறுநீரகத்திலும் இரத்தக் குழாய்களிலும் சுண்ணாம்பு படியும்.

இவ்வுண்மை மறைந்திருந்தது என்று சொல்வதற்கில்லை. கதிரூட்டிய மருந்தை அளவுமீறிக் கொடுத்தால் விலங்குகள் மாய்கின்றன என்பதை ஜேர்மன் ஆராய்ச்சியாளர் 1928இலேயே வெளியிட்டிருந்தனர். எனினும் உற்சாகம் எச்சரிக்கையை முந்திச் சென்றது. பாலிலும் பாணிலும் தானிய உணவுகளிலும் விற்றமின் டி சேர்க்கப்பட்டது. 1930களின் அமெரிக்காவிலே பியர் மதுவிலுங்கூட அதனைச் சேர்த்து விற்றனர். மூட்டுவாதத்துக்கும் தோற்காசத்துக்கும் பேரளவிலே அதனைக் கொடுத்த வைத்தியரும் இருந்தனர். தோற்காசத்தில் நன்மை தெரிந்தது. ஆயின் இரத்தத்தில் கல்சியம் மிகுந்து துன்புற்ற நோயாளரும் பலராயினர்.

இரண்டாம் உலகப்போர் மூண்டபோது, பிரித்தானிய அரசாங்கம் குழந்தைகளின் எலும்பைக் காப்பது தன் கடமை என்று கருதியது. முதல் உலகப்போரின்பின் வியன்னாவிலே கண்ட காட்சி மீண்டும் நிகழலாகாதென்பதே நோக்கம். 1940 முதல் மாஜரினிலே விற்றமின் டி சேர்த்தல் கட்டாயமாயிற்று. குழந்தைகளுக்கென 'தேசியப் பால்மா' வழங்கப்பட்டது. அதிலும் அதே விற்றமின் சேர்க்கப்பட்டது. 1941இன் இறுதியில் மீனெண்ணெயும் பழச்சாறும் வழங்கும் திட்டம் தொடங்கிற்று. றிக்கெற்ஸ் நோய் வெகுவாகக் குறைந்தது. செல்வர் வீட்டுக் குழந்தைக்குக் கிடைத்த பாதுகாப்பு ஏழை வீட்டுக் குழந்தைக்கும் கிடைத்தது. மறக்கலாகாத நற்செயல் அது.

ஆயின் கூட்டிப் பார்ப்பவர் ஒருவரும் இருக்கவில்லை. பால்மாவிலே ஒரு பங்கு. வியாபாரிகள் விற்ற குழந்தைத் தானிய உணவிலே இன்னொரு பங்கு. மீனெண்ணெய்க் கரண்டியிலே மூன்றாவது பங்கு. ஒவ்வொன்றும் தனித்தனியே அளவோடு அமைந்ததே. குழந்தைக்கு நாளொன்றுக்கு 400 அலகு போதுமென்று கருதப்பட்ட விற்றமின், மூன்றையும் தவறாது ஊட்டிய வீட்டிலே ஆயிரக்கணக்கான அலகுகளாகத் திரளக்கூடியதாயிற்று. கவலையின்றியிருந்த தாயைவிட, அறிவுரை அனைத்தையும் எழுத்துப் பிசகாமற் பின்பற்றிய தாயின் பிள்ளைக்கே இந்த ஆபத்து மிகுதியாக இருந்தது.

1952ஆம் ஆண்டளவிலே இலண்டன் குழந்தை வைத்தியர் ரெஜினால்ட் லைட்வூட் ஒரு புதுவித நோயை விவரித்தார். குழந்தை பால் குடிக்க மறுக்கும், ஓயாது வாந்தியெடுக்கும், மலச்சிக்கலும் தாகமும் உண்டாகும், வளர்ச்சி நின்றுவிடும். இரத்தத்தைச் சோதித்தபோது கல்சியம் அளவுக்குமேல் இருந்தது. பல குழந்தைகள் தேறின. சில குழந்தைகளுக்குச் சிறுநீரகம் கெட்டது, சிலர் மூளை வளர்ச்சி குன்றினர், சிலர் இறந்தனர். பிரித்தானியக் குழந்தை வைத்தியர் சங்கம் நடத்திய விசாரணையில், இரண்டரை ஆண்டுக் காலத்திலே 200க்கும் மேற்பட்ட குழந்தைகள் இவ்வாறு நோயுற்றமை தெரியவந்தது. 1956இல் அச்சங்கத்தின் அறிக்கை வெளிவந்தது. அடுத்த ஆண்டிலே அரசாங்கம் பால்மாவிலும் குழந்தை உணவிலும் மீனெண்ணெயிலும் விற்றமின் டியின் அளவைக் குறைத்தது. அதன்பின் இந்நோயும் அருகியது.

இவ்விடத்திலும் ஒரு வினா எஞ்சி நின்றது. இலட்சக்கணக்கான குழந்தைகள் அதே பாலையும் அதே எண்ணெயையும் உண்டன. நோயுற்றவை சில நூறே. ஏன்? விற்றமின் காரணமன்று என்றனர் சிலர். விற்றமினே முழுக்காரணம் என்றனர் சிலர். 1961இல் நியூசிலாந்து வைத்தியர் வில்லியம்ஸ், இதய நாளக் குறுக்கமும் அறிவுக் குறையும் தனித்த முகச்சாயலும் உடைய ஒரு பிறவிக் கோளாறை விவரித்தார். அக்கோளாறுடைய குழந்தைகளிலும் கல்சியம் மிகுவதுண்டு. 1950களின் நோயாளருள் சிலர் அவ்வகையினர் என்பது பின்னர் தெரிந்தது. இறுதியாக 2011இல் ஜேர்மன் ஆராய்ச்சியாளர் ஷ்லிங்மன் முதலியோர், இந்த மிகைநோய் கண்ட குழந்தைகள் சிலரிடம் ஒரு பரம்பரையலகிலே குறையிருப்பதைக் கண்டனர். வேண்டாத விற்றமின் டியை அழிக்கும் நொதியம் அக்குழந்தைகளிடம் தொழிற்படவில்லை. முன்னைய கிழக்கு ஜேர்மனியில், பல மாதங்களுக்கு ஒருமுறை 6 இலட்சம் அலகு கொண்ட பெருமருந்து குழந்தைகளுக்குக் கொடுக்கப்பட்டது. அதனை உண்டு நோயுற்றவர்களிடமும் இக்குறை காணப்பட்டது. 2016இல், பொசுபரசைச் சிறுநீரகத்தில் தடுத்துவைக்கும் வழியிலே உள்ள குறை இன்னொரு காரணமாகக் கண்டறியப்பட்டது. ஆக, விற்றமினும் காரணம். குழந்தையின் பிறவி அமைப்பும் காரணம். பெரும்பான்மையோர்க்குத் தீங்கற்ற அளவு, முன்கூட்டி அறியமுடியாத சிலருக்கு நஞ்சாயிற்று.

பிரித்தானியா மிகையைப்பற்றிக் கவலையுற்றிருந்த வேளையிலே, குறை மறுபடியும் தலைகாட்டியது. 1962ஆம் ஆண்டிலே டனிகன் முதலிய வைத்தியர்கள், கிளாஸ்கோவிலே குடியேறிய பாகிஸ்தானியரிடையே றிக்கெற்ஸ் நோயும், வளர்ந்த பெண்களின் எலும்பு மென்மையும் காணப்படுவதை வெளியிட்டனர். 1963இல் அந்நகரத்துப் பிற குழந்தைகளிடமும் நோய் திரும்பிவிட்டதென்று வேறொரு கட்டுரை அறிவித்தது. கிளாஸ்கோ நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய 56 பாகையில் உள்ளது. மாரிக்காலம் முழுவதும் அங்குள்ள சூரியன் வானத்தில் தாழ்ந்து செல்வதால், தோலிலே விற்றமினை விளைவிக்கும் கதிர் நிலத்தை அடைவதில்லை. வெயில் மிகுந்த நாட்டிலே தோலைக் காத்த கருமை, அந்நாட்டிலே கிடைக்கும் சிறிதளவு கதிரையும் தடுத்தது. உடலை மூடும் உடையும், குளிரினால் வீட்டுக்குள் அடைபட்ட வாழ்வும் அதனோடு சேர்ந்தன. கொழுப்பு மீனும், விற்றமின் சேர்த்த மாஜரினும் அவர்களின் வழக்கமான உணவாக இருக்கவில்லை.

இன்னொரு காரணமும் நெடுநாள் கவனிக்கப்படாமல் இருந்தது. தவிட்டோடு கூடிய தானியங்களில் 'பைற்றிக் அமிலம்' என்னும் பொருள் உண்டு. அது கல்சியத்தைப் பற்றிக்கொண்டு, குடல் அதனை உறிஞ்சாதபடி செய்கின்றது. மெலன்பியின் நாய்களுக்கு ஓற்ஸ் தீங்கு செய்தமைக்கு இதுவே காரணம் என்பதை அவரே 1939இல் ஹரிசன் என்பவரோடு சேர்ந்து காட்டியிருந்தார். முழுக்கோதுமைச் சப்பாத்தியை நாள்தோறும் உண்பவருக்கும் அதே இடர் உண்டு என்று 1972இல் சுட்டிக்காட்டப்பட்டது. 1987இல் கிளெமன்ட்ஸ், பிரேசர் முதலியோர் மேலும் ஓர் உண்மையை வெளியிட்டனர். கல்சியம் போதாதபோது, உடலிலுள்ள விற்றமின் டியும் வழக்கத்தைவிட விரைவாக அழிகின்றது. ஆகவே ஒருவரின் இரத்தத்தில் விற்றமின் குறைந்திருப்பதைக் கண்டதும், அவர் வெயிலுக்குச் செல்லவில்லை என்று முடிவுகட்டுதல் பொருந்தாது. அவருடைய தட்டிலே கல்சியம் இல்லாமையும் அக்குறைக்கு ஏதுவாகலாம்.

இந்த நோயை எவ்வாறு தீர்ப்பது என்பதிலே ஒரு நியாயக் கேள்வி எழுந்தது. வெள்ளையரின் எலும்பு தளர்ந்தபோது, அவர்கள் உண்ட மாஜரினிலும் பாலிலும் விற்றமின் சேர்க்கப்பட்டது. உணவு வழக்கத்தை மாற்றுமாறு அவர்களை எவரும் கடிந்துகொள்ளவில்லை. குடியேறியவர் உண்ட சப்பாத்தி மாவிலும் அவ்வாறே சேர்க்கலாமே என்று பலர் கேட்டனர். 1980இல் அரசின் ஆலோசகர் அதனை ஏற்கவில்லை. மிகையால் வரும் தீமை பற்றிய அச்சமும் அவ்விவாதத்தில் இடம்பெற்றது. 1981இல் தொடங்கிய 'றிக்கெற்ஸை நிறுத்துவோம்' என்னும் இயக்கம், ஆசிய மக்கள் தம் உணவையும் வழக்கத்தையும் மாற்றவேண்டும் என்று போதித்ததாகக் கண்டிக்கப்பட்டது. கிளாஸ்கோ நகரமோ வேறுவழியிற் சென்றது. 1979 முதல் அங்கே ஆசியக் குழந்தைகளுக்கு விற்றமின் டி துளிமருந்து இலவசமாகக் கொடுக்கப்பட்டது. சிறிதளவு, நாள்தோறும். சில ஆண்டுகளிலே நோய் பெரிதும் குறைந்ததை 1985இல் டனிகன் முதலியோர் அறிவித்தனர். போதனை செய்ய முடியாததைத் துளிமருந்து செய்தது.

வெயிலுள்ள நாடுகளில் இந்நோய் இல்லை என்ற பாமின் முடிவுக்கும் விலக்குகள் தோன்றின. 1991இல் வங்காளதேசத்தின் தென்கிழக்குக் கரையைச் சூறாவளி தாக்கிய பின்னர் நிவாரணப் பணிக்குச் சென்றவர்கள், சக்கரியா என்னும் பகுதியிலே கால் வளைந்த குழந்தைகள் பலரைக் கண்டனர். வெயிலுக்கு அங்கே குறைவில்லை. சோற்றை முதன்மையாகக் கொண்ட உணவிலே கல்சியமே மிகக் குறைந்திருந்தது. நைஜீரியாவிலே றிக்கெற்ஸ் கண்ட குழந்தைகளுக்கு விற்றமின் டி மாத்திரம் கொடுத்ததைவிடக் கல்சியம் கொடுத்ததே மிகுந்த பயன் அளித்தது என்று 1999இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டியது.

இக்காலத்திலே இரத்தத்தில் விற்றமின் டியின் அளவைச் சோதித்து, எண் குறைந்தால் மாத்திரை உண்பது உலகெங்கும் வழக்கமாகிவிட்டது. வரலாற்றை அறிந்தோர் அவ்வெண்ணை ஆராய்ந்தே ஏற்பர். குறைவுக்கு வெயிலின்மை மாத்திரமே காரணமன்று. உடற்பருமன், குடல் நோய், ஈரல் நோய், வலிப்புக்குக் கொடுக்கும் சில மருந்துகள் ஆகியனவும் அதனைக் குறைக்கும். நோயினால் உடல் அழற்சியுற்றபோது அளவு தானாகவே தாழ்வதும் உண்டு. அப்போது குறைவு நோயின் காரணமன்று, நோயின் விளைவே. அமெரிக்காவிலே 25,871 பேரைக்கொண்டு நடத்திய ஒரு பெரும் ஆய்வில், நாள்தோறும் 2,000 அலகு உண்டவருக்குப் புற்றுநோயோ இதயநோயோ குறைவாக வந்ததாகக் காணப்படவில்லை; அம்முடிவு 2018இன் இறுதியில் வெளிவந்தது. 2022இல் அதே ஆய்வு, எலும்பு முறிவும் குறையவில்லை என்று காட்டியது. அவர்களுட் பெரும்பாலோர் குறையுற்றவர் அல்லர் என்பதும் நினைவிற்குரியது. அவுஸ்திரேலியாவிலே முதிய பெண்கள் 2,000க்கும் மேற்பட்டோரைக் கொண்டு நடத்திய ஆய்வில், ஆண்டுக்கொருமுறை 5 இலட்சம் அலகு உண்டவர்கள், அதனை உண்ணாதவரைவிட அதிகமாக விழுந்தனர். அவர்களுக்கே எலும்பும் அதிகமாக முறிந்தது. 2010இல் வெளிவந்த அம்முடிவு, முறிவைத் தடுக்கக் கருதியவர்களையே திடுக்குறச் செய்தது.

இவற்றையெல்லாம் கொண்டு விற்றமின் டி வேண்டாத பொருள் என்று எவரேனும் முடிவுசெய்தால், அது முன்னைய பிழைகளுள் மற்றொன்றாகும். குறையுற்ற குழந்தைக்கு அது எலும்பாகும்; எதிர்காலத் தாய்க்கு அது உயிராகும். வில்லாய் வளைந்த கால்கள் கிளாஸ்கோவின் தெருக்களிலிருந்து மறைந்தது அதனால்தான். ஆயின், மூன்று நூற்றாண்டு அனுபவம் இரண்டு கேள்விகளை வைத்தியருக்கும் அரசினருக்கும் விட்டுச் சென்றிருக்கின்றது. கண்ட காரணத்தோடு காணாத காரணம் ஏதேனும் சேர்ந்திருக்கின்றதா என்பது முதற் கேள்வி. நல்லோர் பலர் தனித்தனியே அளந்து கொடுக்கும்போது மொத்தத்தைக் கூட்டிப் பார்ப்பவர் யார் என்பது இரண்டாவது கேள்வி. முதற் கேள்வியைக் கேளாதபோது பாமின் கட்டுரை 30 ஆண்டுகள் தூங்கிற்று. இரண்டாவதைக் கேளாதபோது, சொன்னபடியெல்லாம் செய்த தாய்மார் சிலர் தம் பிள்ளைகளை இழந்தனர். குழந்தையின் வாய்க்கு அருகே மருந்துக் கரண்டி செல்லும்போதெல்லாம் இவ்விரண்டு கேள்விகளும் கேட்கப்படவேண்டியவையே.